வீட்டு ரெக்கார்டிங்கில் பேனிங்: எதை நடுவில் வைப்பது, எதை ஓரத்துக்கு அனுப்புவது

வீட்டில் ரெக்கார்ட் செய்த பாட்டை மிக்ஸ் செய்ய உட்காருகிற பலர், எல்லா வாத்தியமும் மண்டைக்கு நடுவில் குவிந்து கிடப்பதை ஹெட்போனில் கேட்டதும், நேராகப் போய், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில், ஒலியை அகலமாக்கும் ஒரு ஸ்டீரியோ வைடனர் பிளகினைப் போட்டுவிடுகிறார்கள். உடனே பிரமாதமாகத்தான் இருக்கும். அதே பாட்டை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஒரு பழைய போனில் போட்டால் கிடார் பாதி காணாமல் போயிருக்கும், குரல் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இடது ஸ்பீக்கரில் வருவதற்கும் வலதில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காது அகலம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த வித்தியாசம் வாசிப்பிலேயே இருந்தால், ஒலியை இடதுக்கோ வலதுக்கோ நகர்த்துகிற பேன் குமிழைத் திருப்பினாலே போதும். வாசிப்பில் இல்லாததைப் பிளகின் ஒட்டவைத்தால், ஒட்டு எங்காவது ஒரு ஸ்பீக்கரில் பிரிந்துகொள்ளும்.

ஒரு பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு குரல், அகூஸ்டிக் கிடார், பேஸ் கிடார், தபலா, புல்லாங்குழல், கீபோர்டில் ஒரு பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஒலி), ஒரு ஷேக்கர், பல்லவிக்கு மட்டும் கோரஸ். ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், பத்துக்குப் பத்து படுக்கையறை. நம்மில் பெரும்பாலானோருக்கு இதுதான் ஸ்டூடியோ.

குமிழைத் தொடும் முன் ஒன்றைப் பாருங்கள். குரல் இடது காதில் மட்டும் கேட்கிறதா? அப்படியென்றால் ஒற்றை மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்திருக்கிறீர்கள். இன்புட் ஒன்று இடதுக்குப் போய்விட்டது, இன்புட் இரண்டு காலியாக வலதில் உட்கார்ந்திருக்கிறது. டிராக் இன்புட்டை மோனோ (ஒற்றைச் சேனல்) என்று மாற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஏற்கெனவே பதிவு செய்தாகிவிட்டது என்றால் இடது சேனலை மட்டும் பிரித்து மோனோ ஆக்குங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் சரி செய்யாமல் பேன் செய்யப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

அப்புறம் முழு மிக்ஸையும் மோனோவில், அதாவது இடதும் வலதும் ஒன்றாகக் கலந்து வரும்படி, போட்டுவிட்டு வால்யூமும் ஈக்யூவும் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) சரி செய்யுங்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் மாஸ்டர் டிராக்கிலேயே மோனோ பட்டன் இருக்கிறது. மற்றவற்றில் ஒரு இலவசப் பிளகினைப் போட்டுக்கொள்ளலாம், வோக்சென்கோவின் எம்எஸ்இடி போதும். சலிப்பான வேலைதான். ஆனால் கிடாரும் கீபோர்டும் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால், ஒன்றை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் தள்ளியவுடன் சண்டை தீர்ந்த மாதிரி கேட்கும். தீரவில்லை, மோனோ ஸ்பீக்கரில் மறுபடி முட்டும். மோனோவிலேயே ஒவ்வொரு வாத்தியமும் தனியாகக் காதில் விழுகிற வரை ஈக்யூவில் வேலை பாருங்கள். இங்கே தெளிவாக இருக்கும் மிக்ஸ், பேன் செய்ததும் தானாக விரியும்.

பேன் லா என்று ஒரு செட்டிங் உண்டு, அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நடுவில் இருக்கும் சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் வருவதால் ஓரத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகக் கேட்கும். அதை ஈடுகட்ட மென்பொருள் நடுவில் உள்ளதை 3 டெசிபலோ 4.5 டெசிபலோ 6 டெசிபலோ குறைத்துக்கொள்ளும். ரீப்பரில் இது தொடக்கத்தில் 0 என்று இருக்கும், அதாவது எதுவும் குறையாது, அதனால் ஒரு வாத்தியத்தை ஓரத்துக்குத் தள்ளினால் அது அமுங்கிப் போன மாதிரி தோன்றும். எதை வைத்தாலும் பாதகமில்லை, ஆனால் மிக்ஸின் பாதியில் மாற்றாதீர்கள். எல்லா அளவும் குலையும்.

சரி, இப்போது யாரை எங்கே வைப்பது. குரல் நடுவில், இதில் வாதமே இல்லை. பேஸும் நடுவில். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலு மீட்டருக்கு மேல், நம் தலையோ ஒரு சாண் அகலம். அந்த ஒலி இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்து சேரும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அதை ஓரத்துக்குத் தள்ளுவதில் லாபமில்லை, ஒரு ஸ்பீக்கர் மட்டும் தனியாக முக்கித் தவிக்கும், அவ்வளவுதான். இசைத்தட்டுக் காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: இரண்டு பக்கத்துக்கும் பேஸ் வேறு வேறாக இருந்தால் ஊசி மேலும் கீழும் குதிக்கும்.

தபலாவில்தான் பலர் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். ரெண்டு மைக் வைத்து எடுத்திருப்பார்கள், ஒன்று வலதுக்கும் ஒன்று இடதுக்கும் என்று முழுசாகத் திருப்பிவிடுவார்கள், கேட்டால் பத்தடி அகலத்தில் ஒரு தபலா, நடுவில் கேட்பவரின் தலை. வலக்கைத் தபலாவை 15 சதவீதம் ஒரு பக்கம், இடக்கைப் பாயாவை 10 சதவீதம் மறுபக்கம், அதற்கு மேல் வேண்டாம். பாயாவின் அடி ஒலி பேஸ் கிடாரோடு சேர்ந்து நடுவில் நிற்கட்டும். ஒரே மைக்கில் எடுத்திருந்தால் நடுவிலேயே விட்டுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அகலத்தின் பெரும்பங்கு கிடாரில்தான் கிடைக்கும், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஒரே டிராக்கைக் காப்பி செய்து ஒன்றை இடதுக்கும் ஒன்றை வலதுக்கும் வைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் என்றால் அது நடுவில்தான் கேட்கும், கொஞ்சம் கூடுதல் சத்தமாக. அதே பகுதியை இரண்டாவது முறை புதிதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். என்னதான் துல்லியமாக வாசித்தாலும் ஸ்ட்ரோக் சில மில்லி செகண்ட் முன்பின் விழும், பிக் வேறு கோணத்தில் படும். அந்த வித்தியாசம் போதும், முதல் டேக்கை முழு இடதிலும் இரண்டாவதை முழு வலதிலும் வைத்தவுடன் பாட்டு கதவைத் திறந்த மாதிரி விரியும், நடுவில் குரலுக்கு இடமும் கிடைக்கும். இன்னும் வித்தியாசம் வேண்டுமென்றால் இரண்டாவது டேக்கில் கார்டின் வடிவத்தை மாற்றுங்கள். பாட்டு சி மேஜரில் இருந்தால் ஒன்றைத் திறந்த கார்டுகளில் வாசியுங்கள், மற்றதை ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவத்தில் வாசியுங்கள்; சுருதி அதேதான், ஒலி வேறு. சின்ன அறையில் ஒரே கிடாருக்கு ரெண்டு மைக் வைத்து ஸ்டீரியோ எடுப்பதைவிட இது எனக்கு எப்போதும் மேல். ரெண்டு மைக் என்றால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் ரெண்டு மடங்கு உள்ளே வரும், இரண்டு மைக்கின் ஒலி அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஃபேஸ் தொல்லை வேறு.

பாதி தூரம் பேன் செய்வதா, முழுசாகவா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. ஸ்டீரியோ வந்த புதிதில் பல கன்சோல்களில் குமிழே கிடையாது, இடது, நடு, வலது என்று மூன்றே நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச்தான். இன்றும் அந்த மூன்று இடங்களை மட்டுமே பயன்படுத்தி மிக்ஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். தாளத்தைத் தாங்குகிற ஜோடிகளுக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். புல்லாங்குழல் மாதிரி தனியாக மெட்டு வாசிக்கிற ஒன்றுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன், 25 அல்லது 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

எது ஒரு பக்கம் போனாலும், அதே மாதிரி வேலை செய்கிற இன்னொன்று மறுபக்கம் இருக்க வேண்டும். ஷேக்கரை வலதில் 60 சதவீதத்தில் வைத்தால், புல்லாங்குழல் இடதில் இருக்கட்டும். இரண்டிலும் மேல் ஸ்தாயி ஒலிதான் அதிகம், ஒரே பக்கத்தில் சேர்த்தால் அந்தக் காது மட்டும் களைத்துப்போகும்.

கீபோர்டில் ஒரு பொறி இருக்கிறது. பேட், பியானோ ஒலிகள் பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே ஸ்டீரியோவாகத்தான் வரும், தனியாக வாசித்துப் பார்க்கும்போது மயக்குவதற்காகவே அப்படி விரித்து வைத்திருப்பார்கள். பாட்டில் எல்லாமே அப்படி விரிந்திருந்தால் எதுவுமே விரிந்த மாதிரி இருக்காது. பேடை விரிந்தே விடுங்கள், பின்னணியில்தானே இருக்கப் போகிறது. ஆனால் பியானோ ஒலியில் கார்டு வாசித்திருந்தால் அதை மோனோவாக்கி ஓரிடத்தில் வைக்கலாம். இன்னொன்று, ஸ்டீரியோ டிராக்கில் இருக்கும் பேன் குமிழ் பல மென்பொருள்களில் உண்மையில் பேலன்ஸ் குமிழ். இடதுக்குத் திருப்பினால் வலது சேனலின் சத்தத்தைக் குறைக்கும், அங்கிருந்ததை இடதுக்குக் கொண்டுவராது. பியானோவின் மேல் ஸ்வரங்கள் வலது சேனலில் இருந்தால் அவை அப்படியே தேய்ந்து போகும். ரீப்பரிலும் லாஜிக்கிலும் குமிழ் மேல் வலது கிளிக் செய்தால் ஸ்டீரியோ பேன் என்று மாற்றிக்கொள்ளலாம்.

ரெண்டாவது டேக் எடுக்க முடியாத இடத்தில், அதாவது வாசித்தவர் ஊருக்குப் போய்விட்டார், கையில் ஒரே ஒரு டேக்தான் இருக்கிறது என்றால், தாமதத்தை வைத்து அகலம் செய்யலாம். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் ஆய்வேட்டில் விளக்கிய விஷயம் இது: ஒரே ஒலி சுமார் 30 மில்லி செகண்டுக்குள் இரண்டு முறை வந்தால் காது அதை எதிரொலியாகக் கேட்காது, ஒன்றாகவே சேர்த்துக்கொண்டு, முதலில் வந்த திசையிலிருந்து வருவதாக நினைக்கும். ஆகவே அசலை இடதில் வைத்து, காப்பியை 15 மில்லி செகண்ட் தள்ளி வலதில் வைத்தால் அகலம் கிடைக்கும். ஆனால் மோனோவில் இரண்டும் கூடும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 10 மில்லி செகண்ட் தாமதம் என்றால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். தொடக்கத்தில் சொன்ன குழாய்ச் சத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். காப்பியை 6 டெசிபலாவது குறைத்து வையுங்கள், பள்ளத்தின் ஆழம் குறையும். குரலுக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

கோரஸை நாலு முறை பாடிப் பதிவு செய்து, இரண்டை இடதில் 80 சதவீதத்திலும் இரண்டை வலதில் 80 சதவீதத்திலும் வையுங்கள், கீழே 150 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடுங்கள். அவை பல்லவியில் மட்டும் வருவதால் பல்லவி விரிந்து கேட்கும். அந்த விரிவு உறைக்க வேண்டுமானால் சரணம் கொஞ்சம் ஒடுங்கி இருக்க வேண்டும். சரணத்தில் கிடார்களை, பாட்டு ஓடும்போதே குமிழைத் தானாகத் திருப்பும் ஆட்டோமேஷனில் 60 சதவீதத்துக்கு உள்ளே இழுத்துவிட்டு, பல்லவி தொடங்கும் அடியில் முழு ஓரத்துக்கு விட்டுப் பாருங்கள். கேட்பவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் நிமிர்ந்து உட்காருவார்.

கர்நாடக இசைக் கச்சேரி மாதிரி ஒன்றை வீட்டில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் உட்காரும் முறையையே பேனிங்காக எடுத்துக்கொள்ளலாம். வலக்கை மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், வலந்தலை (வலக்கை அடிக்கும் பக்கம்) ரசிகர்களைப் பார்த்திருக்கும், வயலின் மறுபக்கம். ரசிகர் இருக்கையிலிருந்து பார்த்தால் மிருதங்கம் இடதில், வயலின் வலதில். இரண்டையும் 35 சதவீதம் தள்ளினால் போதும், தம்புராவை மட்டும் நன்றாக விரியவிடுங்கள். இங்கே கிடார் மாதிரி முழு ஓரத்துக்குத் தள்ளினால் வயலின் பக்கத்து வீட்டிலிருந்து பதில் சொல்வது போல ஆகிவிடும்.

ஹெட்போனில் மட்டும் பேன் செய்யாதீர்கள். ஹெட்போனில் இடது சத்தம் இடது காதுக்கு மட்டும்தான் போகும். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்கும், அதனால் ஹெட்போனில் மிகையாகத் தெரிகிற அகலம் ஸ்பீக்கரில் அளவாக இருக்கும். ஸ்பீக்கர்கள் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கும்படி வைத்துக் கேளுங்கள். அறை சரியில்லை என்றால் சத்தத்தைக் குறைத்து, கிட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கடைசியில் சோதனை மூன்று. மறுபடி மோனோ பட்டன்: ஏதாவது ஒரு வாத்தியம் சட்டென்று அமுங்கினால் அதன் டிராக்கில்தான் ஃபேஸ் கோளாறு. அடுத்து வோக்சென்கோ ஸ்பான் மாதிரி ஒரு இலவச மீட்டரில், இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் முள்: +1 என்றால் முழு மோனோ, 0-வுக்குக் கீழே அடிக்கடி போய் அங்கேயே நின்றால் எங்கோ அளவுக்கு மீறிவிட்டீர்கள். மூன்றாவதை யாரும் செய்வதில்லை: இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டி முழுப் பாட்டையும் கேளுங்கள், அப்புறம் மறுபக்கம். காலேஜ் பஸ்ஸில் ஒரே இயர்போனை ரெண்டு பேர் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள், அதில் ஒருவருக்கு உங்கள் பாட்டின் வலது பாதி மட்டும்தான் கிடைக்கும். கிடார் ஒன்று குறைந்தால் அவருக்குத் தெரியாது, இடையிசையில் புல்லாங்குழலே இல்லை என்றால் தெரியும். அதை 30 சதவீதத்தோடு நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.