ஸ்கொலசிப் பாஸ், இனி எந்தப் பள்ளிக்கூடம்? பனரைப் பாத்து ஏமாறாமல் பெறுபேறு வாசிக்கிற விதம்

அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிக்கு, அதாவது புலமைப்பரிசில் சோதினைக்கு, வெட்டுப்புள்ளி வந்தவுடன வன்னியில கன வீடுகளில ஒரே கதைதான், பிள்ளையை வவுனியாவில விடுறதோ, கிளிநொச்சியில விடுறதோ, இல்லாட்டி யாழ்ப்பாணத்தில ஹொஸ்ரலில போடுறதோ எண்டு. மாமா ஒண்டு சொல்லுவார், ரியூசன் சேர் வேற ஒண்டு சொல்லுவார், கனடாவில இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில வந்து தான் படிச்ச பள்ளிக்கூடத்தை விட்டால் வேற இல்லை எண்டுவா. கடைசியில எல்லாரும் பள்ளிக்கூட கேற்றில தொங்கிற பனரைப் பாத்துத்தான் முடிவெடுக்கினம். அந்தப் பனரில இல்லாததை எப்பிடிக் கேட்டு எடுக்கிறது எண்டு சொல்லுறன்.

பனரில ஓஎல்லில (தரம் 11 சோதினை) 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலயும் ஏ, எடுத்த 14 பிள்ளையின்ர படம் இருக்கும், சோதினை எழுதினவை எத்தினை பேர் எண்டது இராது. 40 பேர் எழுதி 14 எண்டால் ஒரு கதை, 200 பேர் எழுதி 14 எண்டால் வேற கதை. அதால 9ஏ கணக்கை விட்டிட்டு, ஏஎல் (உயர்தரம்) படிக்கத் தகுதியானவை எத்தினை வீதம் எண்டு கேளுங்கோ, அதாவது தாய்மொழியும் கணிதமும் சேத்து 6 பாடம் பாஸ், அதில 3 சீயாவது (திறமைச் சித்தி) இருக்கோணும். கணிதத்தில டபிள்யூ (பெயில்) எத்தினை எண்டும் தனியாக் கேளுங்கோ. அதிபர் கொஞ்சம் நெளிவார், பரவாயில்லை.

அதிபரின்ர கந்தோருக்குள்ள போனால் கதிரையில இருந்தபடியே சுவரைப் பாருங்கோ. தரம் 6, 7, 8 எண்டு கீழ கீழ எழுதி, பக்கத்தில ஆண், பெண், மொத்தம் எண்டு மார்க்கரால இலக்கம் போட்ட ஒரு போர்ட் கனக்க இடத்தில தொங்கும். பனரை விட அந்த போர்ட் கூடக் கதை சொல்லும். தரம் 6இல 120, தரம் 11இல 80 எண்டு கிடந்தால் இடையில என்ன நடந்தது எண்டு கேக்கலாம். அதே பிள்ளையள் இல்லைத்தான், சரியான கணக்கு வேணுமெண்டால் அஞ்சு வருசத்துக்கு முந்தின தரம் 6 இடாப்பைத்தான் கேக்கோணும், எண்டாலும் ஒரு பிடி கிடைக்கும். சில பேர் வேற பள்ளிக்கூடம் மாறியிருப்பினம், சிலர் படிப்பை விட்டிருப்பினம், சிலருக்கு 'நீர் வெளிவாரியா, பள்ளிக்கூடப் பேரில இல்லாமல் எடும்' எண்டு சொல்லியிருப்பினம். இந்தக் கடைசியாச் சொன்ன வேலையைச் செய்து வீதத்தைக் கூட்டிற பள்ளிக்கூடத்தில என்ர பிள்ளையை விடமாட்டன், அது எவ்வளவு பெரிய பேர் எடுத்திருந்தாலும். போர்டில பெடியளின்ர பக்கம் மட்டும் தரம் 9, 10இல சடாரெண்டு குறையுதெண்டால் அதையும் கேளுங்கோ, கடற்கரைப் பக்கமெண்டால் தொழிலுக்குப் போயிருப்பாங்கள்.

அடுத்தது ஆர் உள்ள வருகினம் எண்டது. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்த பிள்ளையளைத் தேடி எடுத்திட்டு ஓஎல்லில 90 வீதம் காட்டுறது பெரிய வித்தையில்லை. சும்மா ஒரு கணக்குக்கு, பக்கத்து ஊரில ஒரு பள்ளிக்கூடம் 70 புள்ளிக்குக் கீழ எடுத்த பிள்ளையளை வைச்சு 65 வீதம் காட்டினால் அங்கதான் படிப்பிச்சிருக்கினம். தனக்கெண்டு ஆரம்பப் பிரிவு இருக்கிற பள்ளிக்கூடத்தில தரம் 6இல எல்லாரும் ஸ்கொலசிப் பிள்ளையள் இல்லை, அதால ரெண்டு கூட்டத்துக்கும் பெறுபேறு தனித்தனியா இருக்கோ எண்டு கேளுங்கோ. ரெண்டுக்கும் இடையில பெரிய பள்ளம் எண்டால் உங்கட பிள்ளை எந்தப் பக்கம் நிக்கும் எண்டு யோசிக்கலாம்.

அமெரிக்காவில விசேட பாடத்தைக் காட்டிப் பல இடத்துப் பிள்ளையளை ஈர்க்கிற, மக்னெட் ஸ்கூல் எண்டு சொல்லுற அரசாங்கப் பள்ளிக்கூடங்களில இன வாரியா எத்தினை வீதம், இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதியான பிள்ளையள் எத்தினை வீதம் எண்டெல்லாம் பெறுபேறோட சேத்துப் போடுவினம். எங்கட பக்கம் அப்பிடிப் பனரில போடமாட்டினம், நாங்கள்தான் கதைச்சு அறியோணும். அஸ்வெசும (அரசாங்க உதவிக் காசு) எடுக்கிற வீடுகள் கனக்கவோ, தாய் தனிய உழைக்கிற குடும்பங்களோ, 1977 கலவரத்தோட மலையகத்தில இருந்து வந்து குடியேறின சனத்தின்ர பிள்ளையளோ, மன்னார் பக்கமெண்டால் முஸ்லிம் பிள்ளையள் எத்தினை பேர், ஆர் எவ்வளவு தூரம் பஸ்ஸில வருகினம். இதைக் கேக்கிறது ஆரையும் குறைச்சுப் பாக்க இல்லை, அந்தப் பெறுபேறு எந்தக் கஷ்டத்துக்குள்ள வந்தது எண்டு தெரியத்தான். சண்டை முடிஞ்ச 2009இலயும் மீள்குடியேறின முதல் வருசங்களிலயும் வந்த பெறுபேறை எடுத்து 'இப்ப எவ்வளவோ ஏறீட்டுது' எண்டு ஆரும் காட்டினால் தலையை ஆட்டிப்போட்டு வாங்கோ, முகாமில இருந்து வந்த பிள்ளையளின்ர இலக்கத்தோட ஒப்பிட்டால் எதுவும் ஏத்தம்தான்.

சின்னப் பள்ளிக்கூடமெண்டால் ஒரு வருசத்தை வைச்சு ஒண்டும் சொல்லாதேங்கோ. 8 பேர் எழுதினால் ஒரு பிள்ளையே 12.5 வீதம், ஒண்டுக்குக் காய்ச்சல் வந்தாலும் பள்ளிக்கூடம் விழுந்த மாதிரித் தெரியும். அஞ்சு வருசத்தைக் கூட்டிப் பாருங்கோ.

ஏஎல் கதை வேற. மட்ஸ், பயோ இருக்கிறது 1ஏபி எண்டு அரசாங்கம் தரம்பிரிச்ச பள்ளிக்கூடத்தில மட்டும்தான், அதால ஓஎல் மட்டும் வேற இடத்தில படிச்ச கெட்டிக்காரர் கனபேர் அங்க வந்து சேருவினம், பேர் போறது ஏஎல் பள்ளிக்கூடத்துக்கு. அதோட மெடிசினுக்கு இத்தினை பேர் எண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் ஒப்பிடாதேங்கோ. ஆர்ட்ஸ் மாதிரிச் சிலதை விட்டால், கம்பஸ் அனுமதி 40 வீதம் நாடு முழுக்கத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா எண்டுதான் நடந்து வந்தது, வன்னியின்ர நாலு மாவட்டமும் அந்தப் பின்தங்கின பட்டியலில இருக்கு. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும், அதால ஏஎல் புள்ளியைச் சராசரியோட ஒப்பிட்டுப் போடுற இசட் ஸ்கோரைக் கேளுங்கோ, ஆளின்ர எண்ணிக்கையை இல்லை. எந்தப் பாடத்துக்கு ரீச்சர் இல்லை, எவ்வளவு காலமா இல்லை எண்டும் அதே மூச்சில கேட்டிடுங்கோ.

ஏ எடுத்த பிள்ளையின்ர அம்மா பள்ளிக்கூடத்தைப் புகழுவா, அது இயற்கை. எஸ் (சாதாரண சித்தி) எடுத்த பிள்ளையின்ர அம்மாவைத் தேடிப் பிடிச்சு, பிள்ளை பின்னுக்குப் போகேக்க ஆராவது கூப்பிட்டுக் கதைச்சவையோ, ரியூசன் இல்லாமல் எத்தினை பாடம் சமாளிச்சது எண்டு கேளுங்கோ.

அதிபர் இலக்கம் தராட்டில் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கோ. அங்கயும் இழுத்தடிச்சால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. தகவல் அலுவலருக்கு எண்டு போட்டு, எந்த வருசம், எந்தச் சோதினை, தோற்றினவை எத்தினை, தகுதி பெற்றவை எத்தினை எண்டு தெளிவா எழுதிக் குடுங்கோ, பிள்ளையளின்ர பேர் கேக்காதேங்கோ. ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள்ள தரலாமோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்லோணும். குடுத்ததுக்கு அத்தாட்சி எழுத்தில வாங்காமல் படியிறங்காதேங்கோ.