நிறம் வந்தால் மட்டும் போதாது: மூலக்கூறுகளைக் கண்டறிவதிலும் பிரிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் உயிர்வேதியியலோ உயிரித்தொழில்நுட்பமோ படிக்கும் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எல்லாச் சோதனையும் அச்சுப் பிசகாமல் வந்திருக்கும். சோதனைக் குழாயில் வந்தது வேறாக இருக்கும். எந்த நிறம் வர வேண்டுமோ அதை எழுதிவிட்டு, குழாயைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். எதிர்பார்த்த நிறம் ஏன் வரவில்லை என்று தேடும்போதுதான் அந்த மூலக்கூறைப் பற்றி உருப்படியாக ஏதாவது தெரியவரும்.

மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் அயோடின் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஆடுதுறை 43 அரிசியில் வடித்த கஞ்சியைச் சுடச்சுடக் குழாயில் ஊற்றி அயோடின் விட்டால் நீலம் சரியாக வராது. மாவுச்சத்து இல்லை என்றா எழுதுவது? மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ் சங்கிலி சுருண்டு நிற்க, அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால்தான் கருநீலம் தெரியும். சூட்டில் அந்த அமைப்பு குலைந்துவிடுகிறது. அதே குழாயைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து ஆறவையுங்கள், நீலம் அடியிலிருந்து ஏறி வரும். மறுபடி சூடாக்கினால் மங்கும். அமைலோஸ் அநேகமாக இல்லாத பசை அரிசியாக இருந்தால் ஆறிய பிறகும் செம்பழுப்புதான் வரும். அதுவும் சரியான விடையே. அப்புறம், காரத்தன்மை உள்ள கரைசலில் அயோடினே வேறு பொருளாக மாறிவிடும். அங்கே நிறம் வராததை வைத்து எதையும் சொல்ல முடியாது.

தாமிரத்தை ஒடுக்கும் (அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும்) சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் சோதனையில் ஜீனிக் கரைசல் நீலமாகவே நிற்கும். வெல்லக் கரைசல் செங்கல் நிறத்துக்குப் போகும். ஜீனியில் சர்க்கரை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஜீனியின் சர்க்கரையான சுக்ரோஸில் குளுக்கோஸ், பிரக்டோஸ் இரண்டின் ஒடுக்கும் முனைகளும் பிணைப்பில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வெல்லம் காய்ச்சும்போதே கொஞ்சம் சுக்ரோஸ் உடைந்து அந்த முனைகள் வெளிவந்துவிடுகின்றன. ஜீனியைச் சோதிக்க வேண்டுமானால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, நுரை நிற்கும்வரை சோடியம் பைகார்பனேட் போட்டு அமிலத்தை முறிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி வேலையில்தான். பெனடிக்ட் கரைசல் காரத்தில்தான் வேலை செய்யும். இன்னொரு பக்கம், நெல்லிக்காய்ச் சாற்றில் நிறம் வந்தால் அது முழுக்கச் சர்க்கரையால் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். வைட்டமின் சி-யும் தாமிரத்தை ஒடுக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் இரண்டு குழாய் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். ஒன்றில் வெறும் டிஸ்டில்டு வாட்டர், இன்னொன்றில் தெரிந்த பொருள், குளுக்கோஸ் மாதிரி. இரண்டாவது குழாயிலும் நிறம் வரவில்லை என்றால் கோளாறு ரீஏஜென்ட்டில், அதாவது சோதனைக் கரைசலில். முதல் குழாயில் நிறம் வந்தால் கோளாறு தண்ணீரிலோ குழாயிலோ ரீஏஜென்ட்டிலோ. வேதாரண்யம் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். போர்த் தண்ணீரில் கழுவிய குழாயைக் கடைசியாக ஒருமுறை டிஸ்டில்டு வாட்டரில் அலசாமல் எடுக்கக் கூடாது.

புரதத்துக்கு ஊதா காட்டும் பையூரெட் சோதனையில் தாமிர சல்பேட்டைத் தாராளமாக விட்டால் அதன் நீலமே ஊதாவை மறைத்துவிடும், சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமினோ அமிலத்தை ஊதாவாகக் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளிக்கும் தாளை வெறும் விரலால் தொட்டால் உங்கள் கைரேகைதான் ஊதாவாகத் தெரியும். புரோலின் என்ற அமினோ அமிலம் மஞ்சளாக வரும், அதை அழுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதுவரை சொன்னது கண்டறிவது. பிரிப்பதில் தவறுகள் வேறு மாதிரி. தாளில் கரைப்பானை ஏறவிட்டுக் கலவையைப் பிரிக்கும் தாள் குரோமட்டோகிராபியில் பேனாவால் கோடு போட்டால் மையும் சேர்ந்து ஏறும், பென்சில்தான் சரி. கோட்டில் சாற்றை வைத்த பொட்டு கரைப்பானுக்குள் முங்கக் கூடாது. ஜாடியை மூடி, உள்ளே ஆவி நிறைந்த பிறகு தாளை இறக்குங்கள். வெளியே எடுத்ததும் முதல் வேலை, கரைப்பான் ஏறிய எல்லையைக் குறிப்பது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது சட்டென்று காய்ந்துவிடும், பிறகு ஆர்எஃப் மதிப்பை (பொருள் ஏறிய தூரம் ÷ கரைப்பான் ஏறிய தூரம்) ஊகமாகத்தான் போட வேண்டும். இலைச் சாற்றில் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் அதைப் புது நிறமி என்று எழுத வேண்டாம். அமிலம் பட்டுக் குளோரோபில் மெக்னீசியத்தை இழந்திருக்கும்.

வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கியில் 10,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று மட்டும் எழுதினால் போதாது. சுழல் ஆரம் 8 செ.மீ. உள்ள கருவியில் அது ஏறக்குறைய 8,900 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 8,900 மடங்கு. 15 செ.மீ. என்றால் 16,700-ஐத் தாண்டும். ஜி மதிப்பை எழுதுங்கள். எதிரெதிர்க் குழாய்களைக் கண்ணால் மட்டம் பார்க்காமல் தராசில் நிறுத்துச் சமமாக வையுங்கள்.

டிஎன்ஏ எடுக்க நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவது வாழையிலையும் கும்பகோணம் வெற்றிலையும். இரண்டிலும் பாலிபீனால் அதிகம். இலையை அரைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கரைசல் பழுப்பாகி, கடைசியில் கிடைக்கும் டிஎன்ஏவும் பழுப்பாக இருக்கும். அதை வைத்து, டிஎன்ஏவைப் பல மடங்காகப் படியெடுக்கும் பிசிஆர் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. இளந்தளிராக எடுங்கள். செல்லை உடைக்கும் சிடிஏபி கரைசலில், பழுப்பாவதைத் தடுக்கும் பிவிபியும் மெர்கேப்டோஎத்தனாலும் சேர்த்து, 65 டிகிரிக்குச் சூடாக்கித் தயாராக வைத்துக்கொண்டு பிறகு அரையுங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நெல் நாற்றுதான் என் பரிந்துரை.

டிஎன்ஏவின் தூய்மையை அளக்கும்போது 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.8-ஐ ஒட்டி வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். 260/230 விகிதம் 2-க்கு நன்றாகக் கீழே இருந்தால் பீனாலோ சர்க்கரைப் பொருளோ உப்போ கூடவே வந்திருக்க வாய்ப்புண்டு. கண்ணாடிக் குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்) இந்த அளவையே எடுக்க முடியாது. கண்ணாடி அந்தப் புறஊதா ஒளியை உறிஞ்சிவிடும், குவார்ட்ஸ் வேண்டும்.

மின்சாரத்தில் ஓடவிட்டு டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் நடக்கும் தவறு பெரும்பாலும் அவசரத்தால். ஜெல்லுக்கான அகரோஸைத் தண்ணீரில் காய்ச்சினால் அயனி இல்லாமல் மின்சாரம் ஒழுங்காக ஓடாது. தொட்டியில் ஊற்றும் அதே டிஏஇ பஃபரில் (அயனி உள்ள கரைசல்) காய்ச்ச வேண்டும். டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது. டிஎன்ஏ விடும் குழிகள் கறுப்பு (எதிர்) முனைப் பக்கம் இருந்தால் அது சிவப்பை (நேர் முனையை) நோக்கி ஜெல்லுக்குள் ஓடும், மாற்றி வைத்தால் தொட்டிக்குள் போய்விடும். டிஎன்ஏவோடு கலந்து விட்ட நீலச் சாயம் ஓடுகிறதே, டிஎன்ஏ வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். அந்தச் சாயம் குழியில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஓடும். நடுவில் கரண்ட் போனால் ஜெல்லை மதியம்வரை அப்படியே விடக் கூடாது, பட்டைகள் பரவிவிடும். மார்க்கர் (அளவு தெரிந்த டிஎன்ஏ துண்டுகள்) இல்லாத ஜெல் படத்தை வைத்து அளவு சொல்ல முடியாது.

டிஎன்ஏ பட்டையை ஒளிரச் செய்யும் எத்திடியம் புரோமைடு சாயம் தொட்ட கையுறையோடு கதவுக் கைப்பிடியைப் பிடிப்பது பல ஆய்வகங்களில் நடக்கிறது. அது டிஎன்ஏவில் மாற்றம் உண்டாக்கக்கூடிய பொருள். அந்தச் சாயக் கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்டாமல் தனி கேனில் சேர்த்து, கழிவு அகற்றும் ஏற்பாட்டில் கொடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் சைபர் சேஃப் போன்ற, ஆபத்து குறைந்த சாயத்தைக் கேட்டு வாங்குங்கள்.