ஃபிஷிங் லிங்க்: தட்டும் முன்பும் தட்டிய பிறகும்

"உங்கள் கணக்கு இன்று இரவுக்குள் முடக்கப்படும்" என்று ஒரு லிங்கோடு செய்தி வந்தால், அது ஃபிஷிங்காக (போலிப் பக்கத்துக்கு இழுத்து உங்கள் பாஸ்வேர்டு, கார்டு விவரத்தைப் பறிக்கும் மோசடி) இருக்கலாம். அந்தச் செய்தியில் எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ சரியாக இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். இப்போதெல்லாம் போலிச் செய்திகள் பிழையே இல்லாமல் வருகின்றன, அனுப்புநர் பெயரையும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். உண்மையோ பொய்யோ, அந்த லிங்கைத் தொடாமல் வழக்கமான ஆப் வழியாகவோ, முகவரியை நீங்களே டைப் செய்தோ உள்ளே போய்ப் பாருங்கள். நிஜமாகவே பிரச்சினை என்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். செய்தியில் உள்ள நம்பரை அழைத்து விசாரிக்கவும் வேண்டாம், செய்தி போலி என்றால் எடுப்பவர் மோசடிக்காரர்களின் ஆளாகத்தான் இருப்பார்.

முகவரியைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். வங்கி.காம்.சரிபார்.நெட் என்று இருந்தால் அது வங்கியின் தளம் இல்லை, சரிபார்.நெட் வைத்திருப்பவரின் தளம். முன்னால் இருக்கும் வங்கி.காம் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய பெயர். சில பிரவுசர்களில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் நம்பாதீர்கள், வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்கிறது, போய்ச் சேரும் இடம் திருடனுடையதாகவே இருக்கலாம். ஆங்கில எழுத்து போலவே தெரியும் ரஷ்ய எழுத்தைச் செருகிக் கண்ணை ஏமாற்றுவதும் உண்டு, அதனால்தான் பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைச் சேமித்து, அந்தந்தத் தளத்தில் தானே நிரப்பும் ஆப்) வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அது நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லையா? கையால் போடாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

ஓடிபி இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. போலிப் பக்கத்தில் நீங்கள் போடும் ஓடிபியை அதே நிமிடம் அசல் தளத்தில் போட்டு நுழைந்துவிடுகிறார்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனின் கைரேகை, முகம் அல்லது பின் கொண்டு நுழையும் முறை) வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள், அது அசல் தளத்தோடு பிணைக்கப்பட்டது, போலியில் வேலை செய்யாது.

சரி, விவரத்தைக் கொடுத்தே விட்டீர்கள். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். கார்டு விவரம் என்றால் முதல் போன் வங்கிக்கு. அப்புறம் மெயில் பாஸ்வேர்டு, ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வரும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்துவிட்டு, மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் முகவரியையும் மீட்பு எண்ணையும் பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை, திருடன் தன் முகவரியை அங்கே போட்டிருந்தால் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயிலின் நகல் திருடனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடையாள அட்டையின் படத்தை அனுப்பியிருந்தால் போலீஸில் புகார் கொடுத்து நகலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கினால் அது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரலாம், அதை மறுக்கும்போது அந்தத் தேதியிட்ட நகல் கையில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையையும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.