ஃபேன்டஸி நாயகன் வாசகர் மனதில் ஒட்டாமல் போவது எதனால்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபிக் ஃபேன்டஸி, அதாவது கற்பனை உலகில் நடக்கும் பெரிய மாயாஜாலக் கதை, எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில்தான் தொடங்குகிறார்கள். மலைத்தொடர்கள், பகை கொண்ட ராஜ்ஜியங்கள், மந்திரத்துக்கான விதிகள் எல்லாம் தயாரான பிறகுதான் நாயகன் வருகிறான். வாசகருக்கு நெருக்கமாக இருக்க வேண்டுமே என்று அவனை ஏதோ ஒரு கிராமத்துப் பையனாக ஆக்கிவிட்டு, அந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரணமானவன் என்றால் தனக்கென்று எதுவும் இல்லாதவன் என்று எடுத்துக்கொள்வது நான் அதிகம் பார்க்கும் தவறு. யார் வேண்டுமானாலும் அவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கட்டும் என்று ஆளை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அவனுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது, வீம்பு கிடையாது, அற்ப ஆசைகூடக் கிடையாது. அப்படி ஒருவனோடு எட்டு நூறு பக்கம் நடப்பது கஷ்டம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) நாவலில் வரும் தோட்டக்காரன் சாமைப் பாருங்கள். எதிரியின் தேசமான மோர்டோருக்குள் போன பிறகும் தன் சமையல் பாத்திரங்களைச் சுமந்துகொண்டே வருகிறான். சுமையைக் குறைத்தே ஆக வேண்டிய கட்டத்தில் அவற்றை ஒரு பிளவுக்குள் வீசுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனால் தாங்க முடியாததாக இருக்கிறது. உலகைக் காப்பாற்றப் போகிறவன் என்பதைவிட, பாத்திரத்துக்காக மனம் உடைகிறவன் என்பதால்தான் அவன் நமக்குத் தெரிந்த ஆளாகிறான். உலகைக் காப்பாற்றுவது நம் யாருடைய அனுபவத்திலும் இல்லை. பிரியமான ஒன்றை வேறு வழியில்லாமல் விட்டுவிடுவது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது, ஒப்புக்கு ஒட்டவைத்த குறைகள். நாயகன் அடிக்கடி தடுக்கி விழுவான், பெண்களிடம் பேச்சு வராது, காலையில் எழ மாட்டான். இதையெல்லாம் குறை என்று சொல்லவே முடியாது. கதையில் இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வருவதில்லை. உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) நாவலில் கெட் என்ற இளம் மந்திரவாதிக்குத் தற்பெருமை அதிகம். சக மாணவன் சீண்டினான் என்பதற்காக, தன் திறமையைக் காட்ட இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அந்த மந்திரத்தால் உலகில் திறந்த பிளவு வழியாக ஒரு நிழல் வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை மூடும் முயற்சியில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். நாவலின் மீதிக் கதை முழுக்க அந்த ஒரு இரவின் பாக்கிதான். கெட் செய்தது சரி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் சீண்டப்பட்டபோது கிளம்பும் அந்த வீறாப்பு நமக்கு நன்றாகவே புரிகிறது. நாயகன் நல்லவனாக இருக்கிறானா என்பது இங்கே இரண்டாம் பட்சம். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது புரிந்தால் வாசகர் கூடவே வருவார்.

முதல் அத்தியாயத்தில் கிராமத்தை எரித்து, பெற்றோரைக் கொன்றுவிட்டால் அனுதாபம் தானாக வந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வராது. செத்தவர்களை நாம் இன்னும் அறியவே இல்லையே! அதைவிட மோசம், மூன்றாம் அத்தியாயத்துக்குள் நாயகன் வாள் பயிற்சியில் மும்முரமாகிவிடுவது. துக்கம் இருக்கிறதென்றால் அது அவன் தூக்கத்தில், கோபத்தில், எடுக்கும் முட்டாள்தனமான முடிவுகளில் தெரிய வேண்டும். அந்த வாளை இரண்டே வாரத்தில் கற்றுத் தேர்வதும் ஒட்டுதலைக் கெடுக்கிற விஷயம்தான்.

தீர்க்கதரிசனத்தை நான் வெறுப்பதில்லை, ஃபேன்டஸிக்கே உரிய சுகம் அது. ஆனால் நாயகன் செய்வதெல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்ததால் நடக்கிறது என்றால், அவன் தானாக எடுத்த முடிவு எது? எழுதி முடித்த பிரதியில் ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். குருவோ, சாபமோ, முன்னோர் வாக்கோ அவனைத் தள்ளிக்கொண்டே போவது தெரிந்தால், ஒரு இடத்திலாவது மறுக்கும் வாய்ப்பை அவனுக்குக் கொடுங்கள்.

நாயகி என்றால் வேறொரு கோளாறு. பலமானவளாகக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் பயத்தையும் தயக்கத்தையும் அவளிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். எல்லாச் சண்டையிலும் ஜெயித்து, எல்லாப் பேச்சுக்கும் சுருக்கென்று பதில் சொல்பவளிடம் வாசகர் கவலைப்பட என்ன மிச்சம் இருக்கிறது?

அப்புறம், உச்சக்கட்டம். அதுவரை தடுமாறிக்கொண்டிருந்தவன் கடைசி மோதலில் மன உறுதியால் மட்டுமே வென்றுவிடுவான். டோல்கீன் அப்படிச் செய்யவில்லை. அழித்தே ஆக வேண்டிய தீய மோதிரத்தை எரிமலை வரை சுமந்துவந்த சாமின் எஜமான் ஃப்ரோடோ, அங்கே அதை நெருப்பில் போட மறுத்து, தனக்கே என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதற்காகவே அலையும் கோல்லம் அந்த விரலைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டு தவறி விழுவதால்தான் மோதிரம் அழிகிறது. முன்பு கோல்லத்தைக் கொல்லாமல் விட்டுவைத்த இரக்கம் அங்கே பலனளிக்கிறது. ஃப்ரோடோவின் வீரம் அல்ல. ஊர் திரும்பிய பிறகும் அவனுக்குச் சுகமில்லை. காயம்பட்ட நாள் ஆண்டுதோறும் வரும்போது வலியும் வருகிறது, கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான்.

வெற்றியோடும் முடிசூட்டு விழாவோடும் கதையை நிறுத்துபவர்கள், அதற்குப் பிறகான ஒரு அத்தியாயத்தைத் தங்களுக்காகவாவது எழுதிப் பார்க்கலாம். அரியணையில் உட்கார்ந்தவனுக்கு இப்போது எதைப் பார்த்தால் திடுக்கிடுகிறது, பழைய நண்பர்களில் யாரிடம் பேச முடியவில்லை என்று யோசித்து எழுதுங்கள். புத்தகத்தில் அது தேவைப்படாமல் போகலாம், வெட்டிவிடுங்கள். ஆனால் அதில் தெரிந்துகொண்டதை வைத்து முதல் ஐந்து அத்தியாயங்களைத் திருத்த நிறைய வேலை இருக்கும்.