பழைய பைக்கில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே புது பேட்டரி வருகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் அதே ‘டிக்’. அடுத்து ரிலே (பட்டனை அழுத்தியதும் பேட்டரியின் கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச்), அதற்கும் மசியாவிட்டால் செல்ஃப் மோட்டார். புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் போகிறார்கள். கில் சுவிட்சைப் பார், சாவியைத் திருப்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

எர்த்தை அளக்காமல் பாகங்களை மாற்றுவது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இத்தனைக்கும் இது ஐந்து நிமிட வேலை என்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது.

செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் இன்ஜின் பாடி வழியாக, எர்த் வயர் வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். 100 ஆம்பியர் ஓடும்போது அந்தப் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் இது தெரியாது; மீட்டர் வயரின் தடையே இதைவிட அதிகம். இணைப்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் ‘பீப்’ சத்தத்தையும் நம்ப வேண்டாம். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது கத்தும். ஹெட்லைட்டும் எரியும், ஹாரனும் அடிக்கும். செல்ஃப் மட்டும் சுற்றாது.

லோடு கொடுத்து, அதாவது செல்ஃப் பட்டனை அழுத்தியபடியேதான் அளக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையில் இருக்க வேண்டும். அதன் மேல் மாட்டியிருக்கும் போல்ட்டில் வைத்தால் அந்த இணைப்பின் கோளாறு தப்பிவிடும். மறுமுனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது பட்டனை இரண்டு மூன்று வினாடி அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு பிடிபட்டுவிட்டது.

பாசிட்டிவ் பக்கமும் இப்படியே: பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை அளந்தால் 0.5-க்குள் இருக்க வேண்டும். ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்குக் குறுக்கே பட்டனை அழுத்தும் முன் 12 காட்டும். அழுத்தியதும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழ வேண்டும். ‘டிக்’ சத்தம் வந்தும் 12 அப்படியே நின்றால் உள்ளே கான்டாக்ட் கருகிவிட்டது. அப்போது மட்டும் புது ரிலே வாங்குங்கள்.

ஃபிரேமுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த பைக்குகளை முதலில் சந்தேகப்படுங்கள். எர்த் போல்ட் பளபளப்பான பெயின்ட்டின் மேலேயே முறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். வயர் முனையில் பச்சைக் களிம்பு உறைக்குள்ளேயும் ஏறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, வயரையே மாற்றிவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிள் சூடானால் வேறு சாட்சியே வேண்டாம்: எர்த் அறுந்துபோய், கரண்ட் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

12.6 வோல்ட் காட்டுகிறது, அதனால் பேட்டரி நல்லது என்று முடிவுகட்டுவது

சும்மா நிற்கும்போது காட்டும் வோல்ட், சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. முழு சார்ஜ் போட்ட பிறகும் பட்டனை அழுத்தும்போது 10-க்குக் கீழே சரிந்தால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்துவிட்டது. (மோட்டார் ஜாம் ஆனாலும் இப்படிச் சரியும், இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) 12-லேயே நின்று மோட்டார் சுற்றாமல் இருந்தால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. அந்த நிலையில் புது பேட்டரி ஒன்றும் செய்யாது.

சத்தமே வராதபோது மோட்டாரைக் கழற்றுவது

‘டிக்’ கூட இல்லையென்றால் ரிலேயின் இரண்டு சின்ன பின்களுக்குக் குறுக்கே மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்துங்கள். 12 வந்தும் சத்தம் இல்லையென்றால் ரிலே காயில் போயிருக்கிறது. வரவில்லையென்றால் ஸ்டார்ட் பட்டன், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய வண்டியில் பெரும்பாலும் பட்டனுக்குள் இருக்கும் செம்புத் தகடுதான் கறுத்திருக்கும்.

பெரிய ஃப்யூஸ் போடுவது

15 ஆம்பியருக்குப் பதில் 30 போட்டால், ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டுவது

வோல்ட் எகிறி சி.டி.ஐ. (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), பல்புகள் எல்லாம் போய்விடலாம். வேண்டாம்.

பிளக்கை அந்தரத்தில் தொங்கவிட்டு ஸ்பார்க் பார்ப்பது

செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாத வண்டியில், பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்த பிறகே பட்டனைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயிலின் உயர் மின்னழுத்தம் போக வழியின்றி காயிலையோ சி.டி.ஐ. யூனிட்டையோ உள்ளிருந்தே துளைத்துவிடும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், அதனால் ஸ்பார்க் விழும் இடம் அந்த ஓட்டையிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.