நாட்டுக் குறியீட்டின் வழியே நுழைந்த கட்டளை: ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரைச் சரிபார்க்கும் முறை

வைஃபை ரவுட்டர் என்பது பெரும்பாலும் லினக்ஸில் இயங்கும் ஒரு சிறு கணினி. அதன் அமைப்புப் பக்கத்தில் நாம் நிரப்பும் பெட்டிகளில் சில, உள்ளே ஷெல்லுக்கு, அதாவது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலுக்கு, போகும் கட்டளையின் பகுதியாகிவிடுகின்றன. ஒரு முகவரியை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் பிங் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 8.8.8.8 என்று தட்டினால், ரவுட்டர் 'பிங் 8.8.8.8' என்ற கட்டளையை உருவாக்கி ஷெல்லிடம் கொடுக்கும். உள்ளீட்டைச் சோதிக்காமல் நிரல் எழுதப்பட்டிருந்து, ஒருவர் '8.8.8.8 ; ரீபூட்' என்று தட்டினால், அரைப்புள்ளியைக் கண்டதும் அடுத்த கட்டளை தொடங்குவதாக ஷெல் எடுத்துக்கொண்டு ரவுட்டரையே மறுதொடக்கம் செய்துவிடும். இதுவே கட்டளை உட்செலுத்தல்.

டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில் நேர்ந்ததும் இதுதான். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-1389 என்று எண்ணிடப்பட்ட அந்தக் குறை, மொழியையும் நாட்டையும் தேர்ந்தெடுக்கும் பகுதியில் இருந்தது. நாட்டின் பெயருக்காக அனுப்பப்படும் மதிப்பு எந்தச் சோதனையும் இன்றி ஷெல்லுக்குப் போனது. முதல் கோரிக்கையில் அது சேமிக்கப்படும். அதே கோரிக்கை இரண்டாம் முறை வரும்போது ரூட் அதிகாரத்துடன், அதாவது ரவுட்டரின் முழுக் கட்டுப்பாட்டுடன், இயங்கும். ஈரெழுத்துக் குறியீடு மட்டுமே வரவேண்டிய இடத்தில், வந்தது இரண்டு எழுத்துதானா என்று பார்த்திருந்தாலே போதுமானது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் செய்தி.

2022 டிசம்பரில் டொராண்டோவில் நடந்த போன்2ஓன் என்ற ஹேக்கிங் போட்டியில் இக்குறை வெளிப்பட்டது. 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஆனால் ஏப்ரலிலேயே மிராய் பாட்நெட்டை, அதாவது தீநிரலால் பிடிக்கப்பட்ட கருவிகளின் வலையமைப்பை, இயக்குபவர்கள் திருத்தம் ஏற்றப்படாத ரவுட்டர்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உள்நுழைவதற்கு முன்பே திறந்திருக்கும் ஓட்டை என்பதால், அட்மின் கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இதைத் தடுக்காது. ஆகவே பார்க்கவேண்டியது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் பதிந்திருக்கும் மென்பொருள், எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்ணைத்தான்.

படி 1: ரவுட்டரைத் திருப்பி, அடியிலுள்ள ஸ்டிக்கரில் மாடல் பெயரையும் ஹார்டுவேர் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலும் பதிப்புக்குப் பதிப்பு ஃபர்ம்வேர் மாறும்.

படி 2: பிரவுசரில் 192.168.0.1 என்று தட்டி உள்நுழைந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'சிஸ்டம்' என்பதன் கீழுள்ள 'ஃபர்ம்வேர் அப்கிரேட்' பக்கத்தைத் திறவுங்கள். அங்கே தெரியும் எண் '1.1.4 பில்டு 20230219' என்பதற்கு முந்தையதாக இருந்தால் உங்கள் ரவுட்டரில் குறை இன்னும் இருக்கிறது. பில்டு எண்ணில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள் என்று படித்தால் ஒப்பிடுவது எளிது.

படி 3: அதே பக்கத்திலிருந்தே புதுப்பிக்கலாம். புதிய பதிப்பு தென்படவில்லையென்றால், நிறுவனத்தின் ஆதரவுத் தளத்தில் உங்கள் நாட்டுக்கும் ஹார்டுவேர் பதிப்புக்கும் உரிய கோப்பைப் பதிவிறக்கி, லேன் கேபிள் வழியாக இணைந்த கணினியிலிருந்து ஏற்றுங்கள். இடையில் மின்சாரம் போனால் ரவுட்டர் பயனற்றுப் போகக்கூடும் என்பதால், மின்தடை இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். முடிந்ததும் எண்ணை மறுபடி பாருங்கள்.

படி 4: 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இயக்கத்தில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வீட்டுப் பயனர் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

ரவுட்டர் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும் என்று சந்தேகித்தால் வரிசை சற்று மாறும். மிராய் வகைத் தீநிரல்கள் பொதுவாக நினைவகத்தில் மட்டுமே தங்குவதால், அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ஓட்டை அடைபடாத வரை மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். எனவே ஃபர்ம்வேர் கோப்பை வேறு இணைப்பில், உதாரணமாகக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில், முதலில் பதிவிறக்கிக்கொண்டு, ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைக் கழற்றி, ரீசெட் செய்து, கோப்பை ஏற்றி, புதிய அட்மின் கடவுச்சொல்லை அமைத்த பிறகே கேபிளை மாட்டுங்கள். பழைய பேக்கப்பை ஏற்றாமல், வைஃபை பெயர் முதலியவற்றைக் கையாலேயே நிரப்பிவிடுங்கள்.