செயின்சா பல் தீட்டும்போது நடக்கும் தவறுகள்

செயின் கூராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, மெஷினிலிருந்து என்ன கொட்டுகிறது என்று பார்த்தாலே போதும். பச்சை மரத்தை அறுக்கும்போது சில்லு சில்லாகச் சீவல் விழுந்தால் கூர் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரித் தூள் பறந்தால் மழுங்கிவிட்டது. (உளுத்த மரமும் நன்றாகக் காய்ந்த மரமும் எப்படி அறுத்தாலும் தூள்தான் தரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.) மழுங்கியது தெரிந்தும், "இந்தக் கிளையை முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்று அழுத்தி அறுப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கு ஆரம்பம். அழுத்த அழுத்தச் செயினும், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாரும் சூடேறித் தேயும், கையும் சோர்ந்து பிடி தளரும். லேசாக மழுங்கிய பல்லுக்கு அரத்தை இரண்டு மூன்று தடவை தள்ளினால் போதும். முழுக்க மழுங்கிய பிறகு உட்கார்ந்தால், பல்லில் பாதியை ராவித்தான் கூரை எடுக்க வேண்டியிருக்கும்.

மழுங்க வைப்பது பெரும்பாலும் மரம் இல்லை, மண்தான். சீமைக்கருவேலத்தைத் தரையோடு ஒட்டி அறுக்கும்போது செயின் ஒரு நொடி மண்ணில் பட்டால் போதும், கூர் போய்விடும். அடியில் மண்ணை விலக்கிவிட்டு அறுங்கள். சாலையோர மரம் என்றால் விளம்பரத் தகடு அடித்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தென்னையும் பனையும் தனி ரகம். அவற்றின் தண்டிலேயே சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் தேயும், அடிக்கடி அரம் போட வேண்டியிருக்கும்.

தீட்ட உட்காரும் முன்பு பெட்ரோல் மெஷின் என்றால் அணைத்து, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். பேட்டரி மெஷினில் பேட்டரியை எடுத்துவிட வேண்டும், கரண்டில் ஓடுவது என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மடியில் வைத்துத் தீட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது வேண்டாம். பாரை வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கி, செயின் பிரேக்கைப் போட்டுக்கொண்டால் பல் ஆடாமல் நிற்கும். அடுத்த பல்லுக்குச் செயினை நகர்த்தும்போது மட்டும் பிரேக்கை விடுங்கள். கையுறை கட்டாயம். ஓடாத செயினும் தோலைக் கிழிக்கும்.

கடையில் கிடைத்த ஏதோ ஒரு உருட்டு அரத்தை வாங்கி வந்து போடுவது அடுத்த தவறு. அரத்தின் விட்டம் செயினின் பிட்சுக்கு, அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவுக்கு (அங்குலத்தில் சொல்வார்கள்), பொருந்த வேண்டும். வீட்டு மெஷின்களில் அதிகம் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ., 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. பெரிய 3/8 செயினுக்கு கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. மெஷினோடு வந்த கையேட்டில் அளவு இருக்கும். அரம் சிறிதானால் பல்லின் அடியைக் குடைந்துவிடும், முனை மெலிந்து சீக்கிரம் மடங்கும். பெரிதானால் முனை சாய்ந்து மரத்தைக் கடிக்காது.

அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியட்டும். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் அரம்தான் வீணாகும். பல செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி, பல்லின் மேல் அதற்கான கோடு இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளலாம். வலது கைக்கு வாகான பக்கம் எல்லோரும் ஆழமாக ராவிவிடுகிறோம், மறுபக்கப் பற்கள் நீளமாக நின்றுவிடுகின்றன. அப்புறம் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளையும், பழியை மெஷின் மேல் போடுவோம். இருப்பதில் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதே, பல் கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் டெப்த் கேஜ், அதை இரண்டு விதமாகத் தவறவிடுகிறோம். பல்லின் மேல்பகுதி பின்னால் சரிந்திருப்பதால், ராவ ராவ அதன் உயரம் குறையும். மேடு அப்படியே நின்றால் பல் மரத்தைத் தொடவே தொடாது. "இப்பத்தான் தீட்டினேன், அறுக்கவே மாட்டேங்குது" என்பவர்களின் செயினில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. மூன்று நான்கு முறை தீட்டியதும் கேஜ் தகட்டை வைத்து அளந்து, மிஞ்சியதைத் தட்டை அரத்தால் ராவி, மேட்டின் முன்முனையைப் பழையபடி உருட்டிவிடுங்கள். பல செயின்களுக்கு மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு விதம் ஆபத்தானது. நன்றாகக் கடிக்கட்டும் என்று கண் மதிப்பில் மேட்டை அதிகமாக இறக்கிவிடுவது. பல் அளவுக்கு மேல் மரத்தைக் கவ்வும், மெஷின் திமிறும். பாரின் நுனியில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால், கண் இமைப்பதற்குள் பார் முகத்தை நோக்கி எகிறும். கிக்பேக் என்பது அதுதான். இதில் கண் மதிப்பு வேண்டவே வேண்டாம்.

வேகமாக முடிக்க கிரைண்டர் பிடிப்பவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் பல் நீலம் பூத்துவிட்டால் அதன் பதம் போய்விட்டது, எப்படித் தீட்டினாலும் கூர் நிற்காது.

செயினின் இறுக்கத்தைச் சூடாக இருக்கும்போது சரிசெய்யக் கூடாது. ஆறிய பின், பாரின் அடிப்பக்கம் செயின் ஒட்டி நிற்கவும், பிரேக் விட்டுக் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். சூட்டோடு இறுக்கிவிட்டு அப்படியே வைத்தால், ஆறிச் சுருங்கும்போது பாரையும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டையும் பதம் பார்க்கும்.

வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது காசு மிச்சம் மாதிரித் தெரியும். அதில் இரும்புத் துகள் இருக்கும், பாரிலும் ஒட்டி நிற்காது, தோலுக்கும் கெடுதல். பார் ஆயில் என்றே கிடைக்கிறது, அதை ஊற்றுங்கள். அவ்வப்போது பாரின் பள்ளத்தையும் ஆயில் துளையையும் சுத்தம் செய்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

பல்லின் மேல் உள்ள தேய்மானக் கோட்டை எட்டிவிட்டால், கோடு இல்லாத செயினில் நீளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால், செயினை மாற்றிவிடுங்கள். ஒரு கண்ணியில் விரிசல் தெரிந்தால் பல் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அது குப்பைக்குத்தான்.